அமல்ராணி கொடுத்த விளம்பரம்

போர்வெல்லுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால் அது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய இடி என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கயிறு இற்றுப்போயிருக்கும், ஓஸ் கழன்றிருக்கும், முந்நூறு அடி ஆழத்தில் மோட்டார் போய் உட்கார்ந்துகொள்ளும். போனது போகட்டும் என்று வேறு மோட்டார் வாங்கவும் முடியாது. பழையது உள்ளே அடைத்துக்கொண்டு கிடக்கும்வரை புதியதை எங்கே இறக்குவது? போரே பாழ். திண்டிவனத்தில் இருதயநாதன் என்பவர், அப்படி விழுந்த மோட்டாரை வெளியே எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்துவந்தார். முக்காலி நட்டு, சங்கிலி மாட்டி, கொக்கி போட்ட இரும்புக் கம்பியை உள்ளே இறக்குவார். கம்பி எதன்மேல் மோதுகிறது என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரியும். வேலை தெரிந்த மனிதர்தான். ஆனால் வேலை தெரிந்தவர் இங்கே ஒருவர் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டுமே. அதைத் தெரியவைத்தவள் அவர் மனைவி அமல்ராணி.

முகையூர்ப் பக்கத்துப் பெண் அவள். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு, 1993-ல் விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் மாசிலாமணி என்பவர் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சந்தைக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கே வந்து நிற்பார்கள். பலருக்கு எண் போடத் தெரியாது. சீட்டை நீட்டுவார்கள், இவள் போட்டுக் கொடுப்பாள். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. காதைப் பொத்திக்கொண்டா வேலை செய்ய முடியும்? மாடு செத்தது, மழை பிடித்தது, தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று எல்லாச் சேதியும் அவள் காதில் விழுந்தபடி இருந்தது. ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்கள் எதை விடுவார்கள், எதைச் சொல்வார்கள் என்பதும் அவளுக்குப் பழகிப்போனது.

1996-ல் இருதயநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு திண்டிவனம் வந்தாள். அப்போது அவர் பஞ்சாயத்துகளில் அடிபம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இவள் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகவே ஒரு பூத் வைத்தாள். 2007 வரை அது ஓடியது. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு அதை மூடிவிட்டு, அதே அறையில் ஜெராக்ஸ் மிஷினும் ரீசார்ஜும் வைத்துக்கொண்டாள். பூத் போனதற்காக ஒரு நாள்கூட அவள் கலங்கவில்லை. வியாபாரம் என்றால் ஒன்று போய் ஒன்று வரும் என்பது அவள் கணக்கு.

இருதயநாதனுக்கு வேலை வந்ததெல்லாம் மோட்டார் கடைக்காரர்கள் மூலமாகத்தான். கடைக்காரர் சொல்லி அனுப்புவார், தன் பங்கை எடுத்துக்கொள்வார். மோட்டார் விழுந்தது என்று போய் நிற்பவரிடம், "அதெல்லாம் வராதுங்க, புதுசா ஒரு போரு போட்டுக்குங்க" என்று சொல்லிவிடுகிற கடைகளும் உண்டு. 2012-ல் இருதயநாதன் போருக்குள் இறக்கிப் பார்க்கிற காமிரா வாங்கினார். விளக்கு வைத்த சின்னக் காமிரா, நானூறு அடி ஒயர், மேலே பார்ப்பதற்கு ஒரு டிவி பெட்டி. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. வாங்கி என்ன? மாதத்துக்கு மூன்று இடம், நான்கு இடம் என்று அதே பழைய கதைதான்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சீனுவாசனிடம் சொல்லி 2013 ஆகஸ்டில் அமல்ராணி ஒரு வெப்சைட் போட வைத்தாள். நான்கு பக்கம். முதல் பக்கத்தில், சேறு வழியும் மோட்டாரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி இருதயநாதன் நிற்கிற படம். கீழே அவளுடைய செல் நம்பர். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அந்த வெப்சைட்டைப் பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை.

சீனுவாசன் அவளைவிட நான்கைந்து வயது சின்னவர். ஒளிக்காமல் சொன்னார். "உங்க பேரப் போட்டுத் தேடினாத்தான்க்கா அது வரும். பேரு தெரிஞ்சவன் எதுக்குத் தேடறான்? மேல வரணும்னா கூகுளுக்குக் காசு கட்டி விளம்பரம் குடுக்கணும்னு சொல்றாங்க. நான் குடுத்ததில்ல."

அவர் கொடுத்ததில்லை என்றால் என்ன, நாம் கொடுத்துப் பார்ப்போம் என்று அமல்ராணி உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரங்களில், டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் அது பற்றி எழுதியிருந்ததையெல்லாம் மூன்று வாரம் படித்தாள். விஷயம் அப்படியொன்றும் பெரிய சூத்திரமாக இல்லை. என்னென்ன சொல்லைத் தட்டித் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் தெரிய வேண்டும், எந்தெந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று நாமே குறித்துக் கொடுக்கலாம். விளம்பரம் கண்ணில் பட்டால் காசு இல்லை. அதன்மேல் யாராவது அழுத்தி வெப்சைட்டுக்குள் வந்தால்தான் காசு. தலைப்புக்கு இருபத்தைந்து எழுத்து, கீழே இரண்டு சின்ன வரி, அவ்வளவுதான் இடம். விளம்பரம் இங்கிலீஷில்தான் எழுத வேண்டியிருந்தது. சுருக்கிச் சொல்வதை மீட்டர் ஓட ஓடக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது சிரமமாக இல்லை. போரில் மோட்டார் விழுந்ததா, காமிரா வைத்து எடுக்கிறோம், கூப்பிடுங்கள் என்று எழுதினாள். ஊர் என்ற இடத்தில் விழுப்புரம், திண்டிவனம், மயிலம், வானூர் என்று குறித்தாள். 2014 ஜனவரியில் விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

போன் வந்தது. முதல் நாளே ஏழு. ஒருவர் ஒண்ணரை எச்.பி. மோட்டார் என்ன விலை என்றார். ஒருவர் போர் போட அடிக்கு எவ்வளவு என்றார். ஐ.டி.ஐ. முடித்தவர் வேலை இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர், டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க எந்த ஆபீசுக்கு வர வேண்டும் என்றார். அமல்ராணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றைக்கு வைத்திருந்த பணம் காலை பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. நான்காம் நாள்தான், யார் யார் என்ன தட்டித் தேடினார்கள் என்று காட்டுகிற பட்டியல் ஒன்று இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். அதைத் திறந்து பார்த்தால், மோட்டார் என்ற சொல் இருக்கிற இடத்திலெல்லாம் இவள் விளம்பரம் போய் நின்றிருந்தது. மோட்டார் வாகன அலுவலகத்தைத் தேடினவரிடம்கூட நின்றிருந்தது.

வேண்டாத சொற்களையும் குறித்துக் கொடுக்கலாம் என்று அவள் படித்திருந்தாள். விலை, வாகனம், வேலை, லைசென்ஸ், போர் போடுதல் என்று நாற்பது சொற்களைத் தள்ளிவைத்தாள். அதன் பிறகு கண்டகண்ட போன் நின்றது. ஆனால் நல்ல போனும் வரவில்லை. பதினோரு நாளில் நான்கு பேர்தான் விளம்பரத்தை அழுத்தியிருந்தார்கள்.

இருதயநாதன் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, ராணி."

"அளந்துதாங்க போட்டுக்கினு இருக்கேன். ஆறுதான் எதுன்னு தெரியல. தெரிஞ்சிடும்" என்றாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும், பத்மராஜ் என்பவர் கூப்பிட்டார். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர்களுக்கு நிலம், இறவையில் மல்லாட்டை போட்டிருக்கிறார்கள், விழுது இறங்குகிற நேரம், நேற்று மோட்டார் உள்ளே போய்விட்டது என்றார். தண்ணீர் நின்றால் வேர்க்கடலை காய் பிடிக்காது. அமல்ராணி ஆழம், குழாயின் அகலம், எப்போது விழுந்தது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள். பெங்களூரிலிருந்து என்றார்.

"பெங்களூர்லியா? எங்க நம்பரு எப்படிங்க கெடச்சுது?"

"நெட்ல போர்வெல் மோட்டார்னு போட்டு, கூடவே விழுப்புரம்னு போட்டேன் மேடம். உங்களதுதான் மேல வந்துச்சு. ஊர்ல அம்மா மட்டும்தான் இருக்காங்க. யாரக் கூப்புடறதுன்னு அவங்களுக்குத் தெரியல, எனக்கு போன் பண்ணாங்க."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசிச் சொல்லிலேயே அவள் மனம் நின்றது. எனக்கு போன் பண்ணாங்க. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூத்தில் உட்கார்ந்து இதைத்தானே பதினாலு வருஷம் கேட்டாள்? கிணறு வற்றினாலும் மாடு செத்தாலும், பெற்றவர்கள் முதலில் கூப்பிட்டது வெளியூரில் இருக்கிற பிள்ளையைத்தான். என்ன செய்வது, யாரிடம் போவது என்று அங்கிருந்து அவன்தான் சொல்வான். போர் இங்கே இருக்கிறது, விளம்பரத்தை இங்கேயே காட்டினோம்; விழுப்புரம் என்று சேர்த்துத் தட்டியதால்தான் இவர் கண்ணில் அது பட்டது. தேடுகிறவன் அங்கே அல்லவா இருக்கிறான்.

இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று, அன்று ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு இருதயநாதனோடும் அவர் ஆட்களோடும் தானும் வண்டியில் ஏறினாள். பத்மராஜின் அம்மா பத்மாம்பாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் பட்டன் போன். காமிராவை இறக்கியதும் டிவி பெட்டியில் மோட்டார் தெரிந்தது, இருநூற்றெண்பது அடியில் சாய்ந்துகொண்டு, அதன்மேல் ஒயர் சுருண்டு கிடந்தது. அந்த அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்தார். இருதயநாதன் முதலில் ஒயரைச் சுற்றி எடுத்தார். அப்புறம் கொக்கியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் திருப்பினார். அந்த நேரத்தில் அமல்ராணி நான்கு கொல்லைகளைச் சுற்றி வந்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தாள். சென்னை, சென்னை, பெங்களூர், துபாய் என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் பிள்ளை உள்ளூர். அவரும் கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போயிருந்தார்.

மூன்றரை மணிக்கு மோட்டார் மேலே வந்தது. சமணர் வீடு; பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வழக்கம். கை கழுவக்கூட விடாமல் பத்மாம்பாள் அவசரப்படுத்தினார். வெங்காயம் போடாத குழம்பும், தேங்காய் அரைத்த கூட்டும், தயிருமாகச் சோறு போட்டார். இருதயநாதன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அமல்ராணி விளம்பரத்தில் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் மயிலத்தையும் வானூரையும் எடுத்துவிட்டு, சென்னை என்றும் பெங்களூர் என்றும் குறித்தாள். தேடும் சொற்களோடு நம் ஊர்ப் பெயர்களைச் சேர்த்தாள். செஞ்சி போர் மோட்டார், வானூர் போர் மோட்டார், இப்படி.

"வேல இங்க. விளம்பரம் அங்கயா?" என்றார் இருதயநாதன்.

"கூப்புடறவன் அங்கதாங்க உக்காந்துக்கினு இருக்கான்."

மார்ச்சில் ஒன்பது இடம். ஏப்ரலில் பதினான்கு. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரை இன்னும் இறக்குவார்கள், கயிறு அறுவதும் கூடும், அது கோடைக்கு வழக்கம்தான். ஆனால் மற்ற கோடைகளில் இத்தனை பேர் இருதயநாதனைத் தேடி வந்ததில்லை. பிள்ளைகள் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும்தான் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்த நேரங்களுக்கு மட்டும் விளம்பரம் ஓடும்படி வைத்தாள். கடைக்காரர் யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

நன்றாக ஓடுகிறபோதுதான் கால் கொஞ்சம் தரையைவிட்டு எழும்பும். மே மாதம் விளம்பரத்தில் ஒரு வரியை மாற்றினாள். மோட்டார் வராவிட்டால் பணம் வேண்டாம் என்று போட்டாள். அடுத்த நாளே அழுத்துகிறவர்கள் கூடினார்கள். அவளுக்குச் சந்தோஷம். கணவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வானூர்ப் பக்கம் துரைக்கண்ணு என்பவரின் போர். சென்னையில் இருந்த மகன் விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். நானூறு அடிக்குக் கிட்டே ஆழம். இவர்கள் போவதற்கு முன்பே யாரோ கம்பியை விட்டுக் குத்தியதில், மோட்டார் இன்னும் கீழே இறங்கி, அதன்மேல் கல் சரிந்து மூடியிருந்தது. காமிராவில் பார்த்ததுமே வராது என்று இருதயநாதனுக்குப் பட்டது. சொல்லியும் பார்த்தார். துரைக்கண்ணு விடவில்லை. முயற்சி செய்யுங்கள், வராவிட்டால்தான் உங்களுக்குப் பணமே இல்லையே என்றார். அவருக்கு அதனால் நஷ்டமில்லை. இரண்டு நாள் நான்கு பேர் வெயிலில் நின்றார்கள். மோட்டார் அசையவில்லை. ஆட்களின் கூலியை இருதயநாதன் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் சொன்னார். "எவன் கேட்டாலும் நான் போரப் பாத்துட்டுதான் வாயத் தொறப்பேன். இத்தன வருசமா அப்படித்தான். நீ பாக்காமயே வாக்குக் குடுத்துட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அமல்ராணி எதிர்த்துப் பேசியிருப்பாள். வரி எழுதியது அவள், வெயிலில் நின்றது அவர். அன்றே அந்த வரியை எடுத்தாள். ஆனால் வெறுமனே எடுத்துவிட்டுப் போவது அவளுக்குச் சம்மதமாக இல்லை. கேட்கிறவர்களுக்கு எதையாவது திடமாகச் சொல்லத்தான் வேண்டும். எது திடமானது? மறுநாள் காலையில் கேட்டாள்.

"பத்து போருக்குப் போனா எத்தினி எடுப்பீங்க?"

"அத எப்படிச் சொல்றது?"

அவளிடம் போன் வந்தவர்களைக் குறித்துவைத்த நோட்டு இருந்தது. இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜனவரியிலிருந்து நாற்பத்தொரு இடம். முப்பத்துமூன்றில் மோட்டார் வந்திருந்தது. எட்டில் வரவில்லை. இருதயநாதன் வராத எட்டையும் இன்ன காரணம் இன்ன காரணம் என்று விரல் விட்டுச் சொன்னார். அமல்ராணி புதிய விளம்பரம் எழுதினாள். பத்தில் எட்டு எடுக்கிறோம். முதலில் காமிராவில் காட்டுகிறோம். பிறகு முடிவு உங்களுடையது.

சீனுவாசன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன்னால் முடியாததை எந்தக் கடைக்காரன் போர்டில் எழுதுவான் என்றார். இரண்டு விளம்பரத்தை ஒரே நேரத்தில் ஓட விட்டு எதை அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்று பார்க்க வழி இருந்தது. எண் எதுவும் இல்லாத பழைய விளம்பரத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டாள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, பத்தில் எட்டு என்றதை இரண்டு மடங்கு பேர் அழுத்தியிருந்தார்கள். அதைவிட அவளுக்குப் பிடித்தது கூப்பிட்டவர்களின் பேச்சு. கூப்பிடும்போதே, "எங்களுது அந்த எட்டுல வருமா மேடம்?" என்று கேட்டார்கள். பாத்துட்டுச் சொல்றோம் என்று இவள் சொன்னால் யாரும் முகம் சுளிக்கவில்லை. வராது என்று இருதயநாதன் காமிராவைக் காட்டிச் சொன்ன இடங்களிலும், பார்த்ததற்கான கூலியை மறுபேச்சில்லாமல் கொடுத்து அனுப்பினார்கள்.

துரைக்கண்ணு புதிதாகப் போர் போட்டுக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. அது அப்படியே போனது.

2016-ல் இரண்டாவது காமிரா வந்தது, இரண்டாவது குழு வந்தது. போன் எடுக்க கிருஷ்ணவேணி என்ற பக்கத்துத் தெருப் பெண்ணை வேலைக்கு வைத்தாள். மழை பிடித்து ஏரி நிறைகிற ஐப்பசி, கார்த்திகையில் விளம்பரத்தை நிறுத்திவிடுவாள். தை பிறந்ததும் மறுபடி ஓட விடுவாள். ஜெராக்ஸ் மிஷினை விற்றாகிவிட்டது. கமிஷன் கேட்ட மோட்டார் கடைக்காரர்களில் இரண்டு பேர் இப்போது தாங்களாகவே இவள் நம்பரை வாடிக்கையாளர்களிடம் கொடுக்கிறார்கள்.

தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று அவளிடம் யோசனை கேட்டு வருகிறவர்களும் உண்டு. 2017-ல் மயிலத்திலிருந்து பூமாலை என்ற அம்மாள் வந்தார். கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். தம்பி மகன் வெப்சைட் போட்டுக் கொடுத்துவிட்டானாம், இனி விளம்பரம் கொடுத்தால் கூட்டம் குவியும் என்று சொல்கிறானாம். பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அமல்ராணி அவருக்கு டீ கொடுத்துவிட்டு, போன முகூர்த்தத்தில் பாத்திரம் எடுத்தவர்கள் யார், அவர்கள் இவரிடம் எப்படி வந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சமையல்காரர் சொல்லி வந்தவர்கள் ஆறு பேர். மண்டபத்து வாட்ச்மேன் சொல்லி வந்தவர்கள் இரண்டு பேர். நெட்டில் பார்த்து வந்தவர் யாருமில்லை.

"அப்ப உங்களக் கூப்புடறது சமையல்காரருதாங்கம்மா. அவரு நெட்ல தேட மாட்டாரு. இந்தப் பணத்துல ஒரு போர்டு எழுதி மண்டபத்தாண்ட வையிங்க, மிச்சத்துக்கு நல்ல பாத்திரமா வாங்கிக்குங்க. எனக்கு நெட் விளம்பரம் நல்லா வேல செய்யுதுன்னு உங்களுக்கும் செய்யும்னு நான் சொல்ல மாட்டேன்."

பூமாலைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். பணப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். சமையல்காரருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுங்கள் என்றாள் அமல்ராணி. வாசல்வரை போய் அவரை மயிலம் பஸ்ஸுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, கிருஷ்ணவேணி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். சென்னையிலிருந்து ஒரு பிள்ளை, அப்பா முகையூரில் போர் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறாராம்.

அமல்ராணி நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க சார். எத்தினி அடி?"